ரெண்டாவது ஆள் பாத்தாச்சா?

என் மாமனார் புதிதாகக் கட்டிய வீட்டை என் மச்சினியின் லேப்டாப் இடித்துத் தள்ளிவிட்டது. இதை யாரிடம் சொன்னாலும், நான் போட்டுவிட்டு வந்திருக்கிறேனோ என்று ஒருமாதிரி பார்க்கிறார்கள். நான் குடிப்பதில்லை. நடந்ததைத்தான் சொல்கிறேன். எனக்கே இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

மாமனார் பெயர் சவரிராஜ். நெய்வேலி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பக்கம் பர்மனெண்ட்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். நான் சைமன்ராஜ், அதே மைன்ஸில் காண்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன். அவருடைய மூத்த மகள் டெய்சியைக் கட்டியவன். இளையவள் லிடியா வெளியூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆராய்ச்சி செய்கிறாள். எங்கள் குடும்பத்தில், என்ன வேலை என்று கேட்டால் ஒரே மூச்சில் பதில் சொல்ல முடியாதவள் அவள் ஒருத்திதான்.

மாமனாருக்கு ஒரு பழக்கம் உண்டு. பெல்ட்டை நிறுத்தி ரிப்பேர் பார்த்தால், திரும்ப ஓட்டுவதற்கு முன்னால் இரண்டு பேர் தனித்தனியாக நடந்துபோய், யாராவது பெல்ட்டுக்கு அடியில் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் பார்த்தது கணக்கில் சேராது. அந்தப் பழக்கத்தை மனிதர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். மாமியார் சகாயமேரி கேஸை மூடினால், "ரெண்டாவது ஆள் பாத்தாச்சா?" என்பார். ஊருக்குக் கிளம்பும்போது பூட்டை ஒருவர் இழுத்துப் பார்த்தால் போதாது, இன்னொருவர் இழுக்க வேண்டும். என் கல்யாணத்தில் நான் தாலி கட்டி முடித்ததும், முடிச்சு சரியாக விழுந்திருக்கிறதா என்று என் அக்காவைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னவர். கோயிலே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

ரிட்டையர் ஆனால் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட வேண்டும். அதற்காகத்தான் அவரும், அவரோடு ஒரே ஷிப்டில் இருந்த கொளஞ்சிநாதனும் காடாம்புலியூரில் ஒரு முந்திரித் தோப்பை ஒட்டி அடுத்தடுத்த மனையாக வாங்கினார்கள். ஒரே லாரியில் வந்து இறங்கிய சாம்பல் கல்லில் இருவரும் சுவர் எழுப்பினார்கள். பவர் ஹவுஸில் நிலக்கரி எரிந்து மிஞ்சும் சாம்பலோடு சிமெண்ட் கலந்து அழுத்திச் செய்யும் கல் அது. எங்கள் பக்கம் எத்தனையோ வீடுகள் அந்தக் கல்தான்.

வயரிங் முழுக்க என் கை. ஷிப்ட் முடிந்ததும் வண்டியை நேராக அங்கே விட்டு, சுவரைக் கொத்திக் குழாய் பதித்தேன். என் வாழ்க்கையில் யாருக்கும் அவ்வளவு நேராக சுவிட்ச் போர்டு வைத்ததில்லை. உள்ளே ஓர் அறைக்கு மட்டும் டெய்சி கேட்டபடி மஞ்சள் வண்ணம் அடித்தோம். அவள் முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் முடிந்து குழந்தையோடு அவள் இருக்கப்போகிற அறை அது. பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி வீட்டை மந்திரித்துவிட்டுப் போனதும், ஆசைக்கு என்று அந்த அறையிலேயே இரண்டு வாரம் தங்கினாள். சுவர் குளுகுளு என்றிருக்கிறது என்று அதை ஒட்டியே பாயை விரித்துக்கொள்வாள்.

மந்திரிப்புக்கு வந்த லிடியா திரும்பிப் போகும்போது மிச்சம் கிடந்த கல்லில் ஒன்றைப் பையில் வைத்தாள்.

"கல்லு எதுக்கும்மா?" என்றார் மாமனார்.

"எங்க லேப்ல புதுசா டிடெக்டர் வந்திருக்குப்பா. ஏதாச்சும் வச்சுப் பாக்கணும். நம்ம வூட்டுக் கல்லையே வச்சுப் பாக்கலாமேன்னு."

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. கல்லை வாங்கித் துடைத்து, பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். சனியனைத் துடைத்துத்தான் கொடுத்தோம் என்று அப்போது தெரியவில்லை.

லிடியா என்ன செய்தாள் என்பதை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். எல்லா மண்ணிலும் கல்லிலும் துளியூண்டு ரேடியம் இருக்கிறது. அது சிதைந்து வேறொன்றாகும், அதுவும் சிதைந்து இன்னொன்றாகும், இப்படி வாரிசு வாரிசாகப் போகும். அந்த வாரிசுகளில் ஒன்று பிஸ்மத். பிஸ்மத் சிதையும்போது வெளியே வரும் ஒரு கதிரை டிடெக்டர் எண்ணிச் சொல்லும். இத்தனை கதிர் வந்தால் கல்லுக்குள் எவ்வளவு ரேடியம் என்று தெரிய வேண்டுமே. அதற்காக அவள் கம்ப்யூட்டருக்குள் அதே மாதிரி ஒரு கல், அதே மாதிரி ஒரு டிடெக்டர் செய்து வைத்து, கோடிக்கணக்கான அணுக்களைச் சிதைய விட்டு ஒப்பிட்டுப் பார்த்தாள். உலகத்தில் உள்ள பெரிய பெரிய துகள் ஆராய்ச்சிக்காரர்கள் எல்லாம் வைத்திருக்கிற மென்பொருளாம்.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை, போன்கூடப் பண்ணாமல் வந்து நின்றாள். நாங்கள் எல்லோரும் குவார்ட்டர்ஸில் இருந்தோம். செருப்பைக் கழற்றாமலேயே சொன்னாள்.

"அப்பா, அந்த வூட்டுக்கு இனிமே யாரும் போகாதீங்க."

கல்லில் இருக்கும் ரேடியம் வீட்டுக்கு அனுமதித்த அளவைப்போல எட்டு மடங்கு என்றாள். மாமியார் கையில் இருந்த முறம் அப்படியே சாய்ந்து அரிசி கொட்டியது. நான் எழுந்து நின்றேன், ஏன் நின்றேன் என்று தெரியவில்லை. டெய்சி மட்டும் அசையவில்லை. வயிற்றின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நான் செவுத்த ஒட்டித்தான படுத்துகினு இருந்தேன்?"

நாலு ஆள் உயரத்தில் லைனில் ஷாக் அடித்துத் தொங்கியிருக்கிறேன், அப்போதுகூட இப்படிப் பயந்ததில்லை.

மாமனார் லிடியா பக்கம் திரும்பிக் கேட்டார்.

"ரெண்டாவது ஆள் பாத்தாச்சா?"

"பாத்தாச்சுப்பா. எனக்கே நம்பிக்கை வரல. அதனால வேற நாட்டுக்காரங்க எழுதின வேற ஒரு மென்பொருள்லயும் ஓட்டிப் பாத்தேன். அதே நம்பர்தான் வருது."

"இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லியே? வேற ஆளுதான?"

"வேற ஆளுதான்பா."

அவ்வளவுதான், அவருக்கு அது போதும். வாழ்நாள் முழுக்க அந்த இரண்டு கையெழுத்தை நம்பி பெல்ட் ஓட்டியவர் அவர். அரசாங்க லேபுக்கு அனுப்பிப் பார்க்கலாம் மாமா என்று நான் கத்தினேன். ஏற்கெனவே அனுப்பிவிட்டதாகவும், பதில் வர மாதக்கணக்கில் ஆகும் என்றும் லிடியா சொன்னாள். அதற்குள் குவார்ட்டர்ஸுக்கு வாங்கியிருந்த நீட்டிப்பு முடிந்துவிடும், டெய்சிக்குப் பிரசவமும் ஆகிவிடும்.

"அப்ப வூட்ட வித்துட்டு வேற எடம் பாக்கலாம்" என்றேன்.

மாமனார் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இருக்கிறதே. "எம் பேரப்புள்ள படுக்கக் கூடாத வூட்டுல இன்னொருத்தன் பேரப்புள்ள படுக்கலாமா மாப்ள?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இடித்துவிட்டு அதே இடத்தில் செங்கல்லில் சுவர் எழுப்புவது என்று முடிவானது. கட்ட வருஷம் ஆன வீட்டுக்கு, இடிக்க முடிவு எடுக்க ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

அன்று சாயங்காலமே கொளஞ்சிநாதன் வீட்டுக்குப் போய் மாமனார் விஷயத்தைச் சொன்னார். நானும் கூடப் போனேன். கொளஞ்சிநாதன் பலாப்பழம் அரிந்துகொண்டிருந்தவர், கையில் இருந்த எண்ணெயைக்கூடத் துடைக்காமல் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அட போய்யா சவரி. சர்வீஸ் பூரா அந்தச் சாம்பலத்தான மூச்சு வாங்கிகினு இருந்தோம். இனிமே கல்லு வந்து என்னாத்தப் புடுங்கப் போவுது? நா இடிக்க மாட்டேன்."

"ஒன் பேத்தி இங்கதான்டா வெளையாடுது. பாவத்த சுமக்காத."

"ஒன் பொண்ணு படிச்சிட்டா, அதுக்கு எம் வூட்ட இடிக்கணுமா? என்னாய்யா நாயம் இது?"

இரண்டு பேரும் கத்திக்கொண்டார்கள். ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள். கொளஞ்சிநாதனுக்கு மண்டையில் களிமண் என்று வரும் வழியெல்லாம் மாமனார் திட்டினார். நானும் ஆமாம் போட்டேன்.

டெய்சி பட்ட பாட்டைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. குழந்தை உதைத்தால் பயந்தாள், உதைக்காவிட்டால் அதைவிடப் பயந்தாள். ஸ்கேனில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னதை அவள் காதில் வாங்கவே இல்லை. "இதெல்லாம் ஸ்கேன்ல தெரியாதாம், போன்ல போட்டிருக்கு" என்பாள். தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை, பேசவும் இல்லை. லிடியா ஒரு குற்றமும் செய்யவில்லை, தெரிந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். இருந்தாலும் எனக்கும் அவளைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வந்தது.

இடிக்கும் நாள் வந்தது. ஜே.சி.பி. ஓட்டி வந்தவர் பெயர் தனகோட்டி. புது வீட்டை ஏன் இடிக்கிறீர்கள் என்று நாலு தடவை கேட்டார், வாஸ்து சரியில்லையா என்றும் கேட்டார். நான் வண்டியில் இருந்து இறங்கவே இல்லை. முதல் அடி முன்சுவரில் விழுந்தபோது நான் வைத்த மீட்டர் பாக்ஸ் வாயைப் பிளந்துகொண்டு தொங்கியது. அடுத்தது ஹால், அடுத்தது அடுப்படி. கூரை உடைந்து விழுந்த சத்தத்தில் தோப்பில் இருந்த மயில்கள் எல்லாம் கத்தின. மாமியார் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு நின்றார்.

லிடியா பஸ் பிடித்து வர நேரமாகிவிட்டது. அவள் வந்தது தனகோட்டிக்காக. அந்தத் தூசியை அவர் சுவாசிக்கக் கூடாதே என்று மாஸ்க் வாங்கி வந்திருந்தாள். கூடவே, எந்தப் பக்கம் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று சொல்வதற்காக, லேபில் இருந்து கைக்கு அடக்கமான ஒரு கதிர் மீட்டரும் இரவல் வாங்கி வந்திருந்தாள். எங்கள் ஆட்கள் மைன்ஸில் கேஸ் பார்க்கக் கொண்டுபோவார்களே, கிட்டத்தட்ட அந்த அளவு.

இன்னும் இடிபடாமல் நின்ற மஞ்சள் அறைச் சுவரில் மீட்டரை வைத்தாள். பார்த்தாள். தட்டிப் பார்த்தாள். ரோட்டுக்கு ஓடினாள், தார் ரோட்டில் வைத்தாள். திரும்ப ஓடி வந்து சுவரில் வைத்தாள். மீட்டர் கெட்டுவிட்டதோ என்று, அதைச் சோதிப்பதற்காகவே கூட வரும் ஒரு பித்தான் மாதிரியான வில்லையை அருகில் காட்டினாள். மீட்டர் கிறீச்சிட்டு எகிறியது. வில்லையை எடுத்ததும் அடங்கியது. மீட்டருக்கு ஒன்றும் இல்லை.

"நிறுத்துங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் தனகோட்டி ஜே.சி.பி.யையே அணைத்துவிட்டார். "நிறுத்துங்க, நிறுத்துங்க, நிறுத்துங்க!"

நான் ஓடினேன். அவள் மீட்டரை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"மாமா, ரோட்டுல இருக்கற அளவுதான் செவுத்துலயும் இருக்கு. கொஞ்சூண்டு அதிகம், அவ்ளோதான். எட்டு மடங்கு இருந்தா இது கத்தணும் மாமா. கத்தவே இல்ல."

"இத மொதல்லயே கொண்டாந்து வச்சுப் பாக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

அந்த யோசனையே அவளுக்கு வரவில்லை. சத்தியமாக வரவில்லை. அவர்கள் வேலை அப்படி. கம்ப்யூட்டருக்குள் கல்லைச் செய்து, சுவரைச் செய்து, ஆளைக்கூடச் செய்து வைத்துவிடுகிறார்கள். வெளியே நிஜமாக ஒரு சுவர் நிற்பதையும், அதில் போய் மீட்டரை வைக்கலாம் என்பதையும் மறந்துபோகிறார்கள். கழுத்தில் தாலியை வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுவாள் என் டெய்சி, அதைப் போலத்தான்.

இடிபாட்டுக்குப் பக்கத்தில் முந்திரி மரத்தடியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். மென்பொருள் ஒவ்வொரு அணுவும் எப்படிச் சிதையும் என்பதைத் தானாகக் கண்டுபிடிப்பதில்லையாம். அதற்கென்று உலகம் முழுக்கப் பொதுவாக ஒரு தரவு ஃபைல் கட்டு இருக்கிறது, அதைப் படித்துத்தான் கணக்குப் போடுகிறது. அந்தக் கட்டில் புதுப் பதிப்பு வந்திருந்தது. அதில் பிஸ்மத்தின் ஃபைலைத் திறந்தாள். நூறு பிஸ்மத் அணு சிதைந்தால் அந்தக் கதிர் பதினைந்து தடவை வர வேண்டும். ஃபைலில் ஒன்றரை என்று இருந்தது. எவனோ எங்கேயோ புள்ளியை ஓர் இடம் தள்ளி வைத்துவிட்டான்.

எனக்கு விளங்கவில்லை. அவள் மண்ணில் கோடு போட்டுச் சொன்ன பிறகு இப்படிப் புரிந்துகொண்டேன். மந்தையில் பத்து மாட்டுக்கு ஒரு மாட்டுக்குத்தான் மணி கட்டியிருக்கிறது என்று எவனோ சொல்லிவைத்தால், தூரத்தில் பத்து மணி கேட்கும்போது நூறு மாடு வருகிறது என்றுதான் நினைப்போம். எல்லா மாட்டுக்குமே மணி கட்டியிருந்தால்? பத்து மாடுதான். நாங்கள் மணிச் சத்தத்தைக் கேட்டு, நூறு மாடு மிதிக்க வருகிறது என்று வீட்டை இடித்திருக்கிறோம்.

மாமனார் வந்து நின்றார். தலை, மீசை எல்லாம் சாம்பல் தூசி. லிடியா உட்கார்ந்தபடியே சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். நான் அவர் பக்கத்தில் நெருங்கி நின்றுகொண்டேன். விழுந்தால் பிடிக்கலாம் என்று.

அவர் முதலில் கேட்டது வீட்டைப் பற்றி அல்ல.

"அப்ப டெய்சி புள்ளைக்கு ஒன்னும் இல்லியேம்மா?"

"ஒன்னும் இல்லப்பா. ஒன்னுமே இல்ல."

"நெசமா?"

"நெசமாப்பா."

மாமனார் சிரித்தார். நான் கண்ணால் பார்த்தேன், இடிந்த வீட்டுக்கு முன்னால் நின்று அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் திரும்பிப் பார்த்தார். ஹால் இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. சிரிப்பு அப்படியே நின்றுபோனது. கீழே கிடந்த ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தார்.

"ரெண்டாவது ஆள் பாத்தாச்சுன்னியேம்மா" என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில். கோபமாகக் கேட்டிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

லிடியா அழுதாள். "ரெண்டு மென்பொருளும் வேற வேறதான்பா. எழுதினவங்களும் வேற வேற. ஆனா ரெண்டும் இந்த ஒரே ஃபைலத்தான் படிக்குது. நான் அதப் பாக்கல."

அவருக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. பெல்ட்டில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும், இரண்டாவது ஆள் நடந்துபோகாமல், முதல் ஆள் வாயைக் கேட்டே கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று. அவர் மெல்லத் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார்.

வேலிக்கு அந்தப் பக்கம் கொளஞ்சிநாதன் இவ்வளவு நேரமும் நின்றிருக்கிறார். நாங்கள் பார்க்கவில்லை. "நாந்தான் சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அவரை அடித்திருப்பேன். அவர் சொல்லவில்லை. வேலியைத் தாண்டி வந்து மாமனாரின் கையைப் பிடித்துத் தூக்கினார்.

"எழுந்து வா சவரி. டெய்சிப் பொண்ண எம் வூட்டுல வச்சிக்கலாம். அதே கல்லுதான், பயப்படாத."

அப்படித்தான் என் மகள் பிறந்து வந்து முதலில் படுத்தது கொளஞ்சிநாதன் வீட்டுச் சாம்பல் கல் சுவரை ஒட்டி. டெய்சி இப்போது தங்கையோடு பேசுகிறாள். மஞ்சள் அறை மட்டும் மூன்று சுவரோடு இன்னும் நிற்கிறது. மாமனார் தினமும் காலையில் போய் நல்ல கல்லாகப் பார்த்துப் பொறுக்கி, ஒட்டியிருக்கும் காரையைக் கொத்திச் சுத்தம் செய்து அடுக்குகிறார். பாதிக் கல் தேறும் என்கிறார்.

தவறு தெரிந்த அன்றே லிடியா அந்த ஃபைல் கட்டைப் பராமரிப்பவர்களுக்கு எழுதிப் போட்டிருந்தாள். ஒருநாள் நாங்கள் கல் அடுக்கிக்கொண்டிருந்தபோது அவள் போனில் பதில் வந்தது. தமிழில் எங்களுக்குப் படித்துக் காட்டினாள். சுட்டிக்காட்டியதற்கு நன்றி. அடுத்த பதிப்பில் சரிசெய்யப்படும். பாதிப்பு: சிறியது.

"சிறியதா?" என்று நான் கையில் இருந்த கல்லை வீசி எறிந்தேன். அது இரண்டாக உடைந்தது. மாமனார் உடைந்த கல்லை எடுத்து ஓரமாகப் போட்டார்.

"வேற என்னா எழுதியிருக்காங்க?" என்றார் லிடியாவிடம்.

"இந்தத் தப்ப எப்பிடிக் கண்டுபுடிச்சீங்கன்னு கேக்கறாங்கப்பா. பதிவு பண்ணி வைக்கணுமாம்."

அவர் சுத்தம் செய்த கல்லை அடுக்கின்மேல் வைத்தார். நேராக இருக்கிறதா என்று பார்த்தார்.

"வூட்ட இடிச்சிப் பாத்தோம்னு எழுதும்மா."

லிடியா அதை அப்படியே எழுதினாள். அனுப்பப் போனவளைத் தடுத்து, போனை வாங்கி என்னிடம் நீட்டினார்.

"நீ ஒருவாட்டி படிச்சிப் பாரு மாப்ள."

படித்தேன். எழுதியிருந்தது சரியாகத்தான் இருந்தது.